சாலை போடாத நிலம்: யூட்டாவின் செம்பாறைப் பள்ளத்தாக்குகள் பற்றி வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள செம்பாறைப் பள்ளத்தாக்குகளைச் சட்டப்படி ‘வனாந்தரம்’ என்று அறிவிக்கக் கோரும் மசோதாவைப் பற்றி இந்தப் பகுதியில் சிறு குறிப்பொன்று எழுதியிருந்தேன். 1989ஆம் ஆண்டு முதன்முதலாக நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அந்த மசோதா, அதன்பின் பலமுறை கொண்டுவரப்பட்டும் இன்னும் முழுமையாக நிறைவேறவில்லை என்பதே அந்தக் குறிப்பின் சாரம். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: மழைக்காட்டைக் காப்பாற்றுவதில் பொருள் இருக்கிறது. மணலும் பாறையும் மட்டுமே உள்ள பாலைவனத்தில் காப்பாற்றுவதற்கு என்ன இருக்கிறது?

பதில்: மழைக்காட்டைவிடப் பாலை நிலத்துக்கே காவல் அதிகம் தேவை என்று நான் கருதுகிறேன். மழை மிகுந்த இடத்தில் ஒரு தடம் சில பருவங்களில் புல்லால் மூடப்பட்டுவிடும். யூட்டாவின் தென்பகுதியில் அப்படி மூடுவதற்கு எதுவும் எளிதில் முளைப்பதில்லை. கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1942ஆம் ஆண்டு அமெரிக்க ராணுவம் போர்ப் பயிற்சி நடத்தியபோது டாங்கிகள் பதித்த தடங்களை இன்றும் பல இடங்களில் பார்க்க முடிகிறது என்பதிலிருந்தே, இந்த நிலத்தின் காயம் எவ்வளவு மெதுவாக ஆறுகிறது என்பதை உணரலாம்.

வெறும் மண்ணாகத் தோன்றும் அந்தத் தரையைக் குனிந்து பார்த்தால், கருமையும் பழுப்பும் கலந்த, சிறு சிறு மேடுகள் கொண்ட ஒரு மேலோடு தெரியும். நீலப்பசும் பாக்டீரியாக்கள், லைக்கன்கள், பாசிகள் ஆகியவை சேர்ந்து வளர்த்த உயிருள்ள மேலோடு அது. மழை பட்டதும் அந்தப் பாக்டீரியாக்களின் இழைகள் மண்ணுக்குள் ஊர்ந்து, பிசுபிசுப்பான உறைகளை விட்டுச் செல்கின்றன. மணல் துகள்கள் அந்த உறைகளில் ஒட்டிக்கொண்டு, காற்றிலும் நீரிலும் அடித்துச் செல்லப்படாமல் நிற்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிகளுக்கு ஏற்ற உரமாக மாற்றித் தருவதும் இந்த மேலோடுதான். ஒரு காலடி போதும், அது நொறுங்கிவிடும். பாக்டீரியாக்கள் சில ஆண்டுகளில் திரும்பி வரக்கூடும் என்றாலும், லைக்கன்களும் பாசிகளும் பழைய நிலைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகின்றன; வறட்சி மிகுந்த இடங்களில் ஒரு நூற்றாண்டுகூட ஆகலாம். காலடிக்கே இந்தக் கதி என்றால், ஒரு மோட்டார் வண்டி மணிக்கணக்கில் ஓடினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மேலோடு உடைந்த மண் அந்த இடத்திலேயே கிடப்பதும் இல்லை. வசந்த காலக் காற்று அதைத் தூக்கிச் சென்று ராக்கி மலைகளின் பனிமீது படியச் செய்கிறது. தூசி படிந்து கருத்த பனி வெயிலை அதிகம் உறிஞ்சி விரைவில் உருகிவிடுகிறது. இந்தத் தூசியால் கொலராடோ ஆற்றின் உச்ச நீர்வரத்து சராசரியாக மூன்று வாரங்கள் முன்னதாகவே வந்துவிடுகிறது என்றும், ஆண்டு நீர்வரத்தில் சுமார் 5 சதவீதம் குறைகிறது என்றும் 2010ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஏறத்தாழ 4 கோடி மக்கள் அந்த ஆற்றை நம்பியிருக்கிறார்கள். ஆகவே ஆளில்லாத பள்ளத்தாக்கின் மண்ணை யார் கிளறினால் நமக்கென்ன என்று அந்த மக்கள் இருந்துவிட முடியாது.

இன்னும் இரண்டைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. பாறைத் தளங்களில் மழைநீர் தேங்கும் குழிகள் உண்டு. பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள்கூட, காய்ந்த சேற்றைத் தவிர அவற்றில் ஒன்றும் இருக்காது. அந்தச் சேற்றுக்குள் சிற்றிறால் வகைகளின் முட்டைகள் உயிரோடு காத்திருக்கும். மழை பெய்தவுடன் பொரித்து, வளர்ந்து, அடுத்த முட்டைகளையும் இட்டுவிட்டு, குழி வற்றுவதற்குள் தம் வாழ்வை முடித்துக்கொள்ளும். மற்றொன்று, செங்குத்துப் பாறைச் சுவர்களில் தொங்கும் தோட்டங்கள். நுண்துளைகள் நிறைந்த நவஹோ மணற்பாறையில் இறங்கிய மழைநீர், அதற்கு அடியில் உள்ள இறுகிய அடுக்கைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, சுவரில் கசிந்து வெளியேறுகிறது. அந்தக் கசிவு உள்ள கோட்டில் மட்டும் பெரணியும் பூச்செடிகளும் பச்சையாக அடர்ந்திருக்கும். ஓர் அடி தள்ளினால் வெறும் பாறை.

கேள்வி: அந்த நிலம் ஏற்கெனவே மத்திய அரசுக்குச் சொந்தம் என்று எழுதியிருந்தீர்கள். அரசு நிலத்தை அரசிடமிருந்தே காப்பாற்றத் தனிச் சட்டம் வேண்டுமா?

பதில்: வேண்டும். யூட்டாவில் சுமார் 2.3 கோடி ஏக்கர் நிலம் நில மேலாண்மைப் பணியகம் என்ற மத்திய அரசு அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. மேய்ச்சல், சுரங்கம், எண்ணெய், எரிவாயு, பொழுதுபோக்கு, இயற்கைப் பாதுகாப்பு ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த நிலத்தைப் பயன்படுத்தலாம் என்பதே அதன் அடிப்படை விதி. எந்த இடத்தில் எதற்கு முன்னுரிமை என்பதை அதிகாரிகள் வகுக்கும் திட்டங்கள் தீர்மானிக்கின்றன. ஆட்சி மாறினால் திட்டமும் மாறும்.

1964ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட வனாந்தரச் சட்டம் இதற்கு ஒரு மாற்று வழியைத் திறந்தது. ஒரு நிலத்தை வனாந்தரமாக அறிவிக்கும் அதிகாரத்தை அது நாடாளுமன்றத்திடம் மட்டுமே கொடுத்தது; அறிவித்த பிறகு அங்கே நிரந்தரச் சாலை, மோட்டார் வண்டி, கட்டடம், வணிக நிறுவனம் எதற்கும் இடமில்லை. அந்தச் சட்டத்தின் வரைவை எழுதிய ஹோவர்ட் ஸானிசர், எட்டு ஆண்டுகளில் 66 முறை அதைத் திருத்தி எழுதியவர். சட்டம் கையெழுத்தாவதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு இறந்துபோனார். அவருடைய உழைப்பின் பலனாக அன்று 91 லட்சம் ஏக்கர் பாதுகாக்கப்பட்டது. இன்று அமெரிக்கா முழுவதும் அது 11 கோடி ஏக்கரைத் தாண்டிவிட்டது, அதில் பாதிக்கு மேல் அலாஸ்காவில் இருக்கிறது.

ஆனால் 1964ஆம் ஆண்டுச் சட்டம் தேசியக் காடுகளையும் பூங்காக்களையும் வனவிலங்குப் புகலிடங்களையும் மட்டுமே கணக்கில் கொண்டது. பாலை நிலத்தில் பெரும்பகுதி நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் இருந்ததால் அது விடுபட்டுப்போனது. காடும் பனிமலையுமே காக்கத்தக்கவை என்ற அன்றைய எண்ணம் அந்த விடுபடலில் தெரிகிறது. 1976ஆம் ஆண்டு வந்த மற்றொரு சட்டம்தான், சாலையில்லாத 5,000 ஏக்கருக்குக் குறையாத பரப்புகளையெல்லாம் ஆராய்ந்து 15 ஆண்டுகளுக்குள் பரிந்துரை செய்யும்படி பணியகத்துக்கு உத்தரவிட்டது.

கேள்வி: அப்படியானால் 1991ஆம் ஆண்டிலேயே இந்தப் பிரச்சினை முடிந்திருக்க வேண்டுமே?

பதில்: முடிந்திருக்க வேண்டும். பணியகம் யூட்டாவில் சுமார் 32 லட்சம் ஏக்கரை ஆய்வுப் பகுதிகளாகக் குறித்துக்கொண்டு, அவற்றில் ஏறக்குறைய 19 லட்சம் ஏக்கரை மட்டுமே வனாந்தரமாக்கப் பரிந்துரைத்தது. பணியகம் விட்டுவிட்ட நிலங்களைத் தன்னார்வலர்கள் நேரில் நடந்து, வரைபடம் போட்டு, புகைப்படம் எடுத்து, எங்கே உண்மையில் சாலை இருக்கிறது, எங்கே இல்லை என்று பதிவு செய்தார்கள். யூட்டாவைச் சேர்ந்த உறுப்பினர் வெய்ன் ஓவன்ஸ் கொண்டுவந்த மசோதாவுக்கு அந்தப் பணியே அடித்தளம். அது 50 லட்சம் ஏக்கருக்கு மேல் கேட்டது. பின்னர் நடந்த விரிவான கணக்கெடுப்புக்குப் பிறகு கோரிக்கை 80 லட்சம் ஏக்கருக்கும் மேல் உயர்ந்தது. அலுவலகத்தில் அமர்ந்து போட்ட எல்லைக்கோட்டை, நடந்து பார்த்தவர்கள் திருத்திய வரலாறு இது என்பதால், இந்த இயக்கத்தின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

1995ஆம் ஆண்டு எதிர்த்தரப்பு தன் மசோதாவைக் கொண்டுவந்தது. சுமார் 18 லட்சம் ஏக்கரை வனாந்தரமாக்கிவிட்டு, மீதமுள்ள நிலத்தை இனி எப்போதும் வனாந்தரமாகப் பேணக்கூடாது என்று அது தடுத்தது. பாதுகாப்பு என்ற பெயரில் வந்தாலும், கொடுப்பதைவிடப் பறிப்பதே அதில் அதிகம். 1996ஆம் ஆண்டு செனட்டில் பில் பிராட்லி தலைமையில் நீண்ட உரைகளால் அதை நிறுத்தினார்கள்.

கேள்வி: சாலையே இல்லாத நிலம் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? பழைய ஜீப் தடங்கள் எங்கும் இருக்குமே?

பதில்: இந்த விவகாரத்தின் ஆணிவேரைத் தொட்டுவிட்டீர்கள். 1950களில் யுரேனியம் தேடி வந்தவர்கள் புல்டோசர்களைக் கொண்டு இந்தப் பள்ளத்தாக்குகளில் எண்ணற்ற தடங்களைக் கீறினார்கள். தாது கிடைக்காத இடத்தில் தடத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அது சாலையா, இல்லையா?

1976ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டிய நாடாளுமன்றக் குழுவின் அறிக்கை இதற்குத் தெளிவான அளவுகோலைத் தந்தது. இயந்திரங்களால் சீரமைத்துப் பராமரிக்கப்பட்டு, ஏறக்குறைய தொடர்ச்சியாகப் பயன்பட்டு வந்தால் அது சாலை. வண்டிகள் போய்வருவதனால் மட்டுமே உண்டான தடம் சாலை ஆகாது. இந்த அளவுகோலின்படி பார்த்தால், சுரங்கக்காரர்கள் கைவிட்ட பெரும்பாலான தடங்களுக்குச் சாலை என்ற தகுதி கிடையாது.

ஆனால் எதிர்த்தரப்பிடம் வேறொரு ஆயுதம் இருக்கிறது. 1866ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம், வேறு பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்படாத அரசு நிலத்தின் வழியே நெடுஞ்சாலை அமைக்கும் உரிமையை வழங்கியது. மேற்குப் பகுதியில் மக்களைக் குடியேற்றுவதற்காக எழுதப்பட்ட வாக்கியம் அது. 1976ஆம் ஆண்டு அதை நீக்கியபோது, அதுவரை உண்டான உரிமைகள் செல்லும் என்று விட்டுவைத்தார்கள். அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்ட யூட்டா மாநில அரசும் அதன் மாவட்டங்களும், 12,000க்கும் மேற்பட்ட தடங்கள் தங்களுடைய நெடுஞ்சாலைகள் என்று 2011, 2012ஆம் ஆண்டுகளில் வழக்குத் தொடுத்தன. மொத்த நீளம் சுமார் 35,000 மைல். ஓடைப் படுகைகளும் மாட்டுத் தடங்களும்கூட அந்தப் பட்டியலில் இடம்பெற்றன என்பது பாதுகாப்பு அமைப்புகளின் குற்றச்சாட்டு. உண்மையிலேயே மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் மாவட்டச் சாலைகள் அவற்றில் உண்டு. அவற்றை அங்கீகரிப்பதில் யாருக்கும் மறுப்பு இருக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு பள்ளத்தாக்கின் நடுவே ஒரு தடம் நெடுஞ்சாலை என்று தீர்ப்பாகிவிட்டால், அந்தப் பள்ளத்தாக்கு வனாந்தரமாகும் தகுதியையே இழக்க நேரிடலாம் என்பதைப் பார்க்கும்போது, இந்த வழக்குகளின் நோக்கம் போக்குவரத்து மட்டும்தான் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: வனாந்தரமாக அறிவித்துவிட்டால் மனிதர்கள் உள்ளே போகவே கூடாதா? முதியவர்களும் நடக்க இயலாதவர்களும் என்ன செய்வார்கள்?

பதில்: போகலாம். நடக்கலாம், குதிரையில் செல்லலாம், ஆற்றில் துடுப்புப் படகு விடலாம், இரவு தங்கலாம், மாநில விதிகளுக்கு உட்பட்டு வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் செய்யலாம். ஏற்கெனவே நடந்துவரும் கால்நடை மேய்ச்சலும் தொடரலாம். மோட்டார் வண்டியும் மிதிவண்டியும் கூடாது. சக்கர நாற்காலிக்குத் தடை இல்லை என்பதை 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தெளிவாக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் ஹெலிகாப்டர் இறங்கவும் அனுமதி உண்டு.

கேள்வி: குடியரசுத் தலைவர் ஒரு கையெழுத்தில் ஒரு நிலப்பரப்பைத் ‘தேசிய நினைவுச்சின்னம்’ என்ற பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்துவிட முடியும்போது, நாடாளுமன்றத்தில் ஏன் இத்தனை ஆண்டுகள் போராட வேண்டும்?

பதில்: ஒரு கையெழுத்தால் வந்ததை இன்னொரு கையெழுத்து பறித்துவிடும் என்பதால்தான். தென்கிழக்கு யூட்டாவின் பேர்ஸ் இயர்ஸ் பகுதியில் சுமார் 13.5 லட்சம் ஏக்கரை 2016 டிசம்பரில் ஒபாமா நினைவுச்சின்னமாக அறிவித்தார். 2017 டிசம்பரில் டிரம்ப் அதில் ஏறத்தாழ 85 சதவீதத்தை நீக்கினார். 2021 அக்டோபரில் பைடன் அதை மீட்டுத் தந்தார். ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரே நிலத்தின் எல்லை மூன்று முறை எழுதப்பட்டது. வனாந்தரத்தை நீக்க வேண்டுமென்றால் இரு அவைகளிலும் சட்டம் நிறைவேற்றியாக வேண்டும். அது எளிதில் நடக்கக்கூடியதல்ல. பெறுவதற்கு அரிதாக இருப்பதே அதன் வலிமை.

கேள்வி: நியூயார்க்கிலோ கலிஃபோர்னியாவிலோ இருப்பவர்கள் கூடி, யூட்டாவின் சிற்றூர்களில் வாழ்பவர்களின் நிலத்தை முடக்குவது நியாயமா?

பதில்: இந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வெய்ன் ஓவன்ஸுக்குப் பிறகு மசோதாவைக் கையில் எடுத்த மாரிஸ் ஹின்ச்சி நியூயார்க் உறுப்பினர் என்பது உண்மை. அது உள்ளூர் மக்களுக்குக் கசந்தது என்பதும் உண்மை. தலைமுறைகளாக அங்கே மாடு மேய்த்தவர்களுக்கு அந்தப் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு ஊற்றும் தெரியும். ஆனால் நிலம் சட்டப்படி நாடு முழுவதற்கும் சொந்தம். மாநிலம் உருவானபோதே அந்த ஏற்பாடு இருந்தது. மேய்ச்சலுக்கு வனாந்தரச் சட்டத்தால் பெரிய இடையூறு இல்லை என்பதையும் மறந்துவிடக்கூடாது.

உண்மையான சிக்கல் பள்ளிக்கூட நிலங்களில் இருக்கிறது. 1896ஆம் ஆண்டு யூட்டா மாநிலமானபோது, 36 சதுரங்களாகப் பிரிக்கப்பட்ட ஒவ்வொரு நிலப்பிரிவிலும் நான்கு சதுரங்கள் பள்ளிகளின் வருமானத்துக்காக மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டன. ஒவ்வொரு சதுரமும் ஒரு சதுர மைல். இதனால் மத்திய அரசின் பள்ளத்தாக்குகளுக்கு நடுவே ஆங்காங்கே மாநில நிலம் சிக்கிக் கிடக்கிறது. சுற்றிலும் வனாந்தரமானால் அந்தத் துண்டுகளிலிருந்து பள்ளிகளுக்கு வருமானம் வராது. துண்டுகளில் சுரங்கம் தோண்டினால் வனாந்தரம் கெடும். நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்வது ஒன்றே இரு தரப்பையும் ஏமாற்றாத வழி.

அதற்கு நல்ல முன்மாதிரி கிடைத்துவிட்டது. 2019 மார்ச் 12ஆம் தேதி கையெழுத்தான பொது நிலச் சட்டம், யூட்டாவின் எமரி மாவட்டத்தில் மட்டும் 6.6 லட்சம் ஏக்கருக்குச் சற்று மேல் வனாந்தரமாக்கியது. கிரீன் ஆறு ஓடும் டெசொலேஷன் கேன்யன், லேபிரின்த் கேன்யன், மட்டி கிரீக் ஆகியவை அதில் அடங்கும். நில மாற்றத்துக்கும் அதில் வழி செய்யப்பட்டது. மாவட்ட நிர்வாகம் தானே முன்னின்று பல ஆண்டுகள் பேசி முடித்த ஏற்பாடு அது. பாதுகாப்பு அமைப்புகள் முதல் வரைவை எதிர்த்தன, திருத்தங்களுக்குப் பின் ஏற்றுக்கொண்டன. யாருக்கும் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆயினும் முப்பது ஆண்டுகள் இழுபறியாக இருந்த ஒரு நிலத்துக்கு முடிவு கிடைத்தது.

கேள்வி: பூர்வகுடிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த நிலத்தை ‘மனிதர் வந்துபோகும் இடம் மட்டுமே’ என்று வர்ணிக்கும் சட்டம் அவர்களுக்கு அநீதி இழைக்கவில்லையா?

பதில்: அந்தக் குறை 1964ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. இந்தப் பள்ளத்தாக்குகளின் பாறை மடிப்புகளில் பழங்குடியினரின் கல் வீடுகளும் தானியக் கிடங்குகளும் பாறை ஓவியங்களும் நிறைந்திருக்கின்றன. அவற்றைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மூலிகை பறிக்கவும், விறகு சேர்க்கவும், சடங்குகள் செய்யவும் அங்கே வருகிறார்கள். மனிதன் தொடாத நிலம் என்று யாராவது சொன்னால், அவர்கள் இந்த மக்களைப் பார்க்கவே இல்லை என்றுதான் பொருள்.

பேர்ஸ் இயர்ஸ் பகுதிக்காக ஹோப்பி, நவஹோ, யூட் மவுண்டன் யூட், யூட், ஸூனி ஆகிய ஐந்து பழங்குடி அரசுகள் ஒன்றுசேர்ந்து கோரிக்கை வைத்து, நிர்வாகத்திலும் பங்கு பெற்றன. இனி வரும் வனாந்தரச் சட்டங்கள் அந்தப் பங்கை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதே சமயம், சாலை இல்லாமையே அந்தக் கல்லறைகளையும் வீடுகளையும் இதுவரை பெருமளவு காத்து வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். வண்டி போகும் இடத்துக்குக் கொள்ளையர்களும் எளிதாகப் போய்விடுகிறார்கள்.

கேள்வி: அறிவித்த நாளிலிருந்து சுரங்கமும் எண்ணெய்க் கிணறும் முற்றாக நின்றுவிடுமா?

பதில்: புதியவை நிற்கும், முன்பே பெற்ற உரிமை நிற்காது. லேபிரின்த் கேன்யன் பகுதியில், 2019ஆம் ஆண்டுச் சட்டம் வருவதற்குச் சற்று முன்பு ஒரு ஹீலியம் குத்தகை வழங்கப்பட்டுவிட்டது. அதன் அடிப்படையில், வனாந்தரமாகிவிட்ட நிலத்தில் துளையிடப் பணியகம் 2020 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. மசோதா பேச்சில் இருக்கும் ஆண்டுகளில் புதிய குத்தகைகளை நிறுத்தி வைக்காவிட்டால் இப்படித்தான் நடக்கும்.

கேள்வி: அந்தப் பக்கம் பயணம் போகும் வாய்ப்பு வந்திருக்கிறது. நிலத்தைக் கெடுக்காமல் எப்படி நடப்பது?

பதில்: ஓடைப் படுகையின் மணலிலும் வெறும் பாறையிலும் ஏற்கெனவே உள்ள பாதையிலும் மட்டும் கால் வையுங்கள், கருமேலோடு தெரிந்தால் சுற்றிப் போங்கள். பாறைக் குழிகளில் குளிக்கவோ, சன்ஸ்கிரீன் பூசிய கையை நனைக்கவோ வேண்டாம். சிறிதளவு எண்ணெய்ப் பூச்சே அந்தச் சிற்றுயிர்களுக்குக் கேடாகும். பாரியா கேன்யன் போன்ற குறுகிய பள்ளத்தாக்குகளில் மனிதக் கழிவைக்கூடப் பையில் கட்டி வெளியே எடுத்துவர வேண்டும் என்பது விதி. பாறை ஓவியங்களைத் தொடாதீர்கள். கிடைக்கும் பானை ஓட்டைப் படம் எடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட வானிலையைப் பாருங்கள், அதுவும் நீங்கள் நிற்கும் இடத்தின் வானிலையை மட்டுமல்லாமல் மேல்நீர்ப் பகுதியின் வானிலையையும் பாருங்கள். 1997 ஆகஸ்டில், யூட்டா எல்லையை ஒட்டி அரிசோனாவில் உள்ள ஆன்டிலோப் கேன்யனில் 11 பேர் திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். மழை கொட்டியது பல மைல்களுக்கு அப்பால். கோடைப் பிற்பகுதியில்தான் இத்தகைய இடிமழை அதிகம். ஆகவே வசந்தத்தின் பிற்பாதியோ இலையுதிர் காலமோ பார்த்துப் பயணத்தை வைத்துக்கொள்ளுங்கள். அனுமதிச் சீட்டு தேவைப்படும் பள்ளத்தாக்குகளுக்குப் பல மாதங்கள் முன்பே பதிவு செய்துவிடுங்கள். புறப்படும் நாள் காலையில் அருகிலுள்ள வனக்காவலர் நிலையத்தில் வெள்ள அபாயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உள்ளே இறங்குங்கள்.